பேராசிரியரின் மைனஸ்

நுண்கணிதப் பேராசிரியர் அகோரமூர்த்தி சொந்தமாகக் கணக்குப் போட்டு அந்தப் பல்கலைக்கழகத்தில் யாரும் பார்த்ததில்லை. மஞ்சள் கறை படிந்த இருபது வருஷத்து நோட்டைப் பிரித்து, அதைப் பார்த்தே கரும்பலகையில் எழுதிவிட்டுப் போய்விடுவார்.

விடுதி மெஸ்ஸில் கறிவேப்பிலை உருவிக் கொடுத்துப் படிக்கும் செல்லக்கிளிக்கு அவர் வகுப்பும் மெஸ் வேலையும் ஒரே நேரம். வேலை போனால் படிப்பும் போச்சு.

“பாடம் முழுக்கத் தெரியும் சார். பரீட்சை வெச்சுப் பார்த்துட்டு, வகுப்புக்கு விலக்குக் கொடுங்க.”

“நூற்றுக்கு நூறு வாங்கு. ஒரு மார்க் குறைஞ்சாலும் கிடையாது!” என்றார்.

தொண்ணூற்றொன்பது வந்தது.

“கடைசி விடையில மைனஸ் எங்கேம்மா?” என்று மற்ற ஆசிரியர்கள் முன்னால் தன் நோட்டை நீட்டிச் சிரித்தார்.

செல்லக்கிளி குனிந்து பார்த்தாள். நகத்தால் லேசாகச் சுரண்டினாள். மைனஸ் பெயர்ந்து மேஜைமேல் விழுந்தது.

“கறிவேப்பிலைக் காம்பு சார். இருபது வருஷமா எல்லாரும் உங்க எலுமிச்சை சாதத்தைத்தான் காப்பியடிச்சிருக்காங்க!”

அகோரமூர்த்தி விலக்குக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார். அப்புறம் நோட்டைப் புரட்டி, குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

“ஏம்மா, பன்னிரண்டாம் பக்கத்துல இருக்கிறது தசமப்புள்ளியா, கடுகா?”