ஊரையே உறவாக்கிய பணியாரக் கடை

ரொம்பக் காலத்துக்கு முன்னே, மரமும் கிளியும் மனுஷரோடு வம்பு பேசிக்கொண்டிருந்த நாளிலே, ஆம்பலூர் என்று ஒரு ராஜ்ஜியம் இருந்ததாம். அங்கே ஒரே வீட்டில் அண்ணனையும் தம்பியையும் கட்டிக்கொண்டு வந்த ஓரகத்திகள் இரண்டு பேர். மூத்தவள் முத்துவடிவு, இளையவள் பூவாயி. ஓரகத்திகள் என்றால் சண்டைதான் என்று நினைக்காதீர்கள். இவர்கள் கூடப் பிறந்தவர்கள் போல இருந்தார்கள்.

பூவாயியின் புருஷன் பனையிலிருந்து விழுந்து காலை ஒடித்துக்கொண்டான். அதிலிருந்து அவர்களுக்குச் சோறு மூத்தவள் வீட்டில்தான். அவள் ஒருநாள் மூத்தவளிடம் வந்து நின்றாள்.

"அக்கா, சந்தையில பணியாரக் கடை போடலாம்னு இருக்கேன்."

"என் வீட்டுச் சோறு உனக்குக் கசக்குதாடி?"

"கசக்கலக்கா. என் கை சும்மா கிடக்கறதுதான் கசக்குது."

முத்துவடிவு உள்ளே போய்த் தன் பெரிய பணியாரக்கல்லை எடுத்து வந்து அவள் கையில் கொடுத்தாள். "அம்மன் துணை. போடு கடையை."

அந்தச் சந்தையில் காசு கிடையாது, எல்லாம் நெல்தான். ஒரு தொன்னை பணியாரத்துக்கு இரண்டு கை நெல். அந்த நெல்லைக் குத்தினால்தான் மறுநாள் மாவு. அடுப்பு எரியாத கடை பக்கத்துக் கடைக்காரனுக்குச் சேரும், அது ஊர்ச் சட்டம். பூவாயிக்குப் பக்கத்துக் கடைக்காரன் யார் தெரியுமா? அதிரசம் விற்கிற மந்திரவாதி கோரைப்பல்லன்!

கடை திறக்கிற அன்று முத்துவடிவு தலைக்குக் குளித்து, அம்மனைக் கும்பிட்டு, முந்தானையில் நெல் முடிந்துகொண்டு போணி பண்ண வந்தாள். பூவாயி முதல் தொன்னையை நீட்டினாள். மூத்தவள் நெல்லை அவிழ்த்தாள்.

"ஐயோ, உங்கிட்டயா நெல்லு வாங்குவேன்? சும்மா சாப்பிடுக்கா!"

மறுத்தால் பூவாயி மனசு கோணுமே என்று முத்துவடிவும் சும்மா சாப்பிட்டாள். பிரியத்தில் செய்த பிசகு அது. கோரைப்பல்லன் அதற்குத்தானே காத்திருந்தான்! யாரும் பார்க்காதபோது கையிலிருந்த சாம்பலைப் பணியாரக்கல்மேல் ஊதி, தனக்குள் முணுமுணுத்தான்.

"போணியே உறவுக்குப் போச்சு! இனிமே வர்றவன் எல்லாம் உறவு!"

முதலில் ஒரு வண்டிக்காரன் வந்தான். கடைக்குள் கால் வைத்ததும் அவன் முகம் மலர்ந்தது. "மதினி! சௌக்கியமா?" வந்தான், தின்றான், வாழ்த்தினான், போனான்.

அடுத்து செட்டியார் வீட்டு ஆச்சி. "சித்தி! இளைச்சுட்டீங்களே!" வந்தாள், தின்றாள், வாழ்த்தினாள், போனாள்.

அப்புறம் யார் என்கிறீர்கள்? ராஜாவே வந்தார்! கிரீடத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, "தங்கச்சி, அண்ணனுக்கு இன்னும் நாலு போடு" என்றார். வந்தார், தின்றார், வாழ்த்தினார், போனார்.

ஒருவருக்கும் நெல் கொடுக்கத் தோன்றவில்லை. உறவுக்காரர் கடையில் யார் கொடுப்பார்கள்? பூவாயிக்கும் கேட்க வாய் வரவில்லை. குதிரில் நெல் இறங்கிக்கொண்டே வந்தது. முத்துவடிவு தன் வீட்டு நெல்லைக் கொண்டுவந்து கொட்டினாள். அதையும் ஊர் தின்று வாழ்த்திவிட்டுப் போனது.

கோரைப்பல்லன் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தான். "என்ன பூவாயி, உன் குடும்பம் பெருசாயிட்டே போகுதே! நாளைக்கு அடுப்பு எரியுமா?"

பூவாயி வீட்டுக்குப் போய்ப் பாயில் முகம் புதைத்து அழுதாள். மூத்தவள் கடையில் நின்று, பணியாரக்கல்லைத் துடைத்துக்கொண்டே அம்மனிடம் முறையிட்டாள். "தாயே, நான் என்ன தப்புப் பண்ணினேன்?"

"நெல்லு கொடுக்காம தின்னே, அதான் கோரைப்பல்லன் மந்திரம் பலிச்சுது" என்றது ஒரு குரல். பேசியது பணியாரக்கல்! மந்திரச் சாம்பலைத் தின்றதில் அதற்கு வாய் வந்துவிட்டது.

"மந்திரத்தை எடுக்க வழி இருக்கா சாமி?"

"உறவா வந்து தின்னவளே அந்நியமா வந்து வாங்கணும். பூவாயியும் அந்நியத்துக்கு விக்கிற மாதிரி விக்கணும். முன்கூட்டியே சொல்லி வச்சுக்கிட்டா பலிக்காது."

"கடைக்குள்ள வந்தா என்னையும் மந்திரம் பிடிக்காதா?"

"போலி உறவுக்குத்தான் மந்திரம் வேணும். உன்னோடது நெசம். உன்மேல ஒட்டாது."

மறுநாள் குதிரில் கடைசிப் படி. முத்துவடிவு முதலில், யாரும் பார்க்காதபோது, அன்று தின்ற தொன்னைக்கான நெல்லைக் குதிரில் போட்டாள். நெல் சிட்டுக்குருவியாகிப் பறந்துபோனது. இரண்டாவது, பூவாயி கையைப் பிடித்து நெல்லைத் திணித்தாள். "போக்கா, உங்கிட்டப் போயி!" என்று அவள் தள்ளிவிட்டாள்.

மூன்றாவது முறை முத்துவடிவு கண்ணை மூடி அம்மனை நினைத்தாள். இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு வந்து நின்றாள்.

"ஏம்மா பணியாரக்காரி! ஒரு தொன்னை போடு."

பூவாயி சிரித்தாள். "என்னக்கா இது கூத்து?"

"யாருக்கு யாரு அக்கா? வெயில்ல நிக்கிறேன், சட்டுனு போடு."

அந்த வார்த்தையைச் சொல்ல அவள் நெஞ்சு என்ன பாடுபட்டிருக்கும்! பூவாயி முகம் வாடித் தொன்னையை நீட்டினாள். மூத்தவள் ஒன்றைக் கடித்து மூஞ்சியைச் சுளித்தாள்.

"உள்ள வேகவே இல்ல. கருப்பட்டியில மண்ணு கடிக்குது. இதுக்கு அதிரசமே வாங்கியிருக்கலாம்."

அவ்வளவுதான்! பூவாயிக்குக் காதுவரை சிவந்துவிட்டது. கரண்டியைத் தட்டி வைத்தாள்.

"மண்ணா? என் கருப்பட்டியிலயா? காய்ச்சிக் காய்ச்சித் துணியில வடிகட்டறேன், தெரியுமா? கோழி கூவுமுன்னே எழுந்து ஆட்டுன மாவு இது! பிடிச்சா வாங்கு, பிடிக்கலைன்னா நட! கடிச்சாச்சுல்ல? எடு நெல்லை!"

கையை நீட்டினாள் பாருங்கள், கடைக்காரி கை! அந்தக் கையைப் பார்த்ததும் முத்துவடிவு முந்தானையை அவிழ்த்து இரண்டு கை நெல்லை அதில் கொட்டினாள்.

ணங்! பணியாரக்கல் கோயில் மணி போல ஒலித்தது. கல்லிலிருந்த சாம்பல் எழும்பிப் பக்கத்துக் கடைக்குள் புகுந்தது. வாய் நிறையப் பணியாரத்தோடு உட்கார்ந்திருந்தவர்கள் திருதிருவென விழித்தார்கள்.

"ஏம்மா, ஒரு தொன்னை எத்தனை கை நெல்லு?" என்றான் வண்டிக்காரன் வெட்கத்தோடு.

ராஜா ஒரு வண்டி நெல் அனுப்பி, அரண்மனைத் திருவிழாவுக்குப் பூவாயி கடைப் பணியாரம்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டார். கோரைப்பல்லன் கடையிலோ, "மாமா!", "சித்தப்பா!" என்று ஊரே புகுந்து அதிரசத்தைத் தின்று, வாழ்த்திவிட்டுப் போனது. அவன் பாத்திரத்தைக் கவிழ்த்துவிட்டு ஊரைவிட்டே ஓடினான்.

விஷயம் புரிந்ததும் பூவாயி மூத்தவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். அழுகைக்கு நடுவிலும் ஒரு கேள்வி. "அக்கா, நெசமாவே மண்ணு கடிச்சுதா?"

"ஒரு பொட்டு மண்ணு இல்லடி. அமிர்தம். மூஞ்சியைச் சுளிக்கத்தான் நான் பட்ட பாடு!"

அதற்கப்புறம் ஒரு சந்தை நாள். முத்துவடிவு கடைக்குப் போனால், வரிசை கோயில் தேர் நிற்கிற தேர்முட்டி வரை நிற்கிறது. முன்னால் நின்ற வெளியூர்க்காரன் திரும்பிப் பார்த்தான்.

"இந்தாம்மா, இடிக்காதே. பின்னாடி போய் நில்லு. இது என்ன உன் வீட்டுக் கடையா?"

முத்துவடிவு எட்டிப் பார்த்தாள். பூவாயி தலை நிமிரவில்லை. ஒரு கை மாவு ஊற்ற, ஒரு கை நெல் வாங்க, இவள் வந்ததைக்கூடப் பார்க்க நேரமில்லை அவளுக்கு.

"இல்லப்பா, என் வீட்டுக் கடை இல்ல. அது அவ கடை" என்று சொல்லிவிட்டு, ராணி மாதிரி நடந்துபோய் வரிசையின் கடைசியில் நின்றுகொண்டாள்.

அவர்களுக்கு இரங்கிய அம்மன், நம் வீட்டுப் பிள்ளைகள் மூட்டுகிற அடுப்பையும் அணையாமல் காக்கட்டும்.