முந்நூற்று அறுபத்தைந்து தேரோட்டம்

முன்னொரு காலத்தில், ஒரு வைகாசி மாத வியாழக்கிழமை காலை, உலகத்தில் முதன்முதலாக நியாயம் கண்டுபிடிக்கப்பட்டது. கண்டுபிடித்தவர் கருவூல அமைச்சர் தயாபரர். இதை நான் சொல்லவில்லை. அவரே அரசவையில் எழுந்து நின்று சொன்னார்.

"மன்னா, இதுவரை பூமியை ஆண்டவர்கள் எல்லாரும் வரி வாங்கினார்கள், நியாயமாக வாங்கத் தெரியாமல் வாங்கினார்கள். அடியேன் எழுதியிருக்கும் வருமான வரிச் சட்டம் சூரியனும் சந்திரனும் உள்ளவரை நிற்கும். இதைக் குறை சொல்ல ஒரு வாய் திறக்காது."

மன்னர் நெடுவேளுக்கு நியாயத்தைவிட மாடத்தில்தான் கண். பக்கத்து நாட்டு அரசர் ஏழு நிலை மாடம் கட்டிவிட்டார். இவருக்கு எட்டு வேண்டும். அதனால், "சுருக்கமாகச் சொல்லும்" என்றார்.

சட்டம் சுருக்கமாகத்தான் இருந்தது. கணக்கர் ஏதாவது ஒரு நாள் வருவார். அன்றைய வரவைப் பார்ப்பார். அதை முந்நூற்று அறுபத்தைந்தால் பெருக்குவார். அதில் ஆறில் ஒரு பங்கு அரசருக்கு.

"அரண்மனைப் பூனையிலிருந்து அமைச்சன் என்வரை யாருக்கும் விலக்கு இல்லை!" என்றார் தயாபரர். உண்மைதான், விலக்கே இல்லை. அவையோர் வீடுகளுக்குக் கணக்கர் அமாவாசையன்று போனார். அன்று அரண்மனையிலிருந்து யாருக்கும் எதுவும் போகாது. வரவு பூஜ்யம். பூஜ்யத்தை முந்நூற்று அறுபத்தைந்தால் பெருக்க எவ்வளவு வருமோ அவ்வளவையும் அவையோர் மறுபேச்சில்லாமல் கட்டினார்கள்.

ஊர்க்கடைகளுக்கு அவர் தேரோட்டத்தன்று போனார்.

தேரடியில் பொரி வறுத்து விற்பவள் பூவாயி. ஊரே கூடிய அந்த நாளில் அவள் விற்றது பன்னிரண்டு பணம். மற்ற நாட்களில் அரைப் பணம் வந்தால் அதிர்ஷ்டம். கணக்கர் அந்த இடத்திலேயே பெருக்கினார்: நாலாயிரத்து முந்நூற்று எண்பது. ஆறில் ஒரு பங்கு எழுநூற்று முப்பது பணம். அன்று பொழுது சாய்வதற்குள் கட்டாவிட்டால் வீடும் வறைசட்டியும் ஏலம். ஆள் கல்லுடைக்கப் போக வேண்டும். பூவாயி வறுத்த கையோடு, அகப்பையைப் பிடித்தபடியே நின்றாள். அடுப்பில் பொரி கருகியது.

செய்தி பரவியது. அடுத்த பௌர்ணமிச் சந்தையன்று கணக்கர் போனபோது முந்நூறு கடைகள் மூடிக் கிடந்தன. முந்நூறு கடைக்காரர்களும் நெற்றியில் துணி போட்டுக்கொண்டு படுத்திருந்தார்கள். முந்நூறு பேருக்கும் ஒரே காய்ச்சல்.

அவையில் தயாபரர் அதை நடித்தே காட்டினார். மேலாடையை நெற்றியில் போட்டு, "ஐயோ அம்மா" என்று முனகினார். "கோழைகள், மன்னா! அதையும் உருப்படியாகச் செய்யத் தெரியவில்லை. பாதிப் பேர் போட்டிருந்தது உலர்ந்த துணி! காய்ச்சல்காரன் துணியை நனைக்கக்கூட மாட்டானா?" அவை உருண்டு சிரித்தது. அந்தச் சிரிப்போடு சிரிப்பாகச் சட்டத்தில் ஒரு வரியும் சேர்ந்தது: கணக்கர் எத்தனை நாள் வேண்டுமானாலும் வரலாம், எந்த நாள் வரவு அதிகமோ அதுவே கணக்கு.

சிரிக்காதவன் ஒருவன். விகடகவி தாண்டவன். சிரிக்க வைப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவன் சும்மா இருந்தால் அது எல்லார் கண்ணிலும் படும்.

"என்ன தாண்டவா, உனக்கும் காய்ச்சலா?" என்றார் மன்னர்.

"இல்லை மன்னா. சட்டம் நியாயமா என்று கட்டுகிறவர்களை யாராவது கேட்டார்களா என்று யோசித்தேன்."

தயாபரர் பத்து வருடமாகக் காத்திருந்த வாய்ப்பு அது. "கேட்டுவிடுவோமே! நாளை மைதானத்தில் விவாதம். சட்டம் நியாயம் என்பவருக்கு மன்னர் கையால் பொன்மோதிரம். அநியாயம் என்பவரும் தாராளமாகப் பேசலாம். பொழுது சாய்வதற்குள் நிலைநாட்ட வேண்டும், அவ்வளவுதான். நிலைநாட்டாவிட்டால் நாக்கு போய்விடும். மற்றபடி முழுச் சுதந்திரம். தாண்டவனார்தானே கேட்டார்? அநியாயம் என்று அவரே நிலைநாட்டட்டும். வாயை மூடிக்கொண்டிருந்தாலும் நாக்கு போகும்."

மன்னருக்கு வேடிக்கை பிடிக்கும். "அப்படியே ஆகட்டும். அந்தப் பொரிக்காரியின் ஏலமும் நாளை அங்கேயே, பொழுது சாய்ந்ததும். தாண்டவா, நீ ஜெயித்தால் அவள் வரி ரத்து. தோற்றால் அவளும் போவாள், உன் நாக்கும் போகும்."

மறுநாள் மைதானம் நிறைந்தது. நடுவில் கொடிமரம். அதன் நிழல் கிழக்கே நீண்டு அரண்மனைப் படியைத் தொட்டால் பொழுது சாய்ந்ததாகக் கணக்கு. படியருகே ஒருவன் குறடும் கத்தியும் வைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல், கத்தியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான். மறுபக்கம் பூவாயியின் வறைசட்டி, ஏலச்சீட்டு ஒட்டப்பட்டு. பக்கத்தில் பூவாயி, இரண்டு காவலருக்கு நடுவில்.

முதலில் தயாபரர் பேசினார். சட்டம் நியாயம் என்று ஒரு நாழிகை பேசினார். எழுதியவரே பேசியதால் அவருக்கு மோதிரம் போதாது என்று மன்னர் அறுநூறு பணம் பெறும் பொற்கங்கணத்தை அணிவித்தார். பிறகு அவையோர் பத்தொன்பது பேர் வரிசையாக எழுந்தார்கள். "நியாயம்." மோதிரம். "மிக நியாயம்." மோதிரம். யானைக்கொட்டில் அதிகாரிக்கு அவசரம். மோதிரத்தை வாங்கிக்கொண்டு பிறகு "நியாயம்" என்றார்.

"பொதுமக்களில் யாராவது?" என்று கேட்டார் தயாபரர், இனிமையாக.

கூட்டத்தில் எண்ணெய்க்காரர் பக்கத்தில் நின்றவரை இடித்தார். "யோவ் சடையா, நேத்து சந்தையில அந்தப் பேச்சு பேசினியே. போய்ப் பேசுய்யா."

"பேசலாம்ணே. நாக்கு ஒண்ணுதானே இருக்கு."

நிழல் படிக்கு எட்டு அடி தூரத்தில் இருந்தது.

தாண்டவன் எழுந்தான். அவன் பூவாயியைப் பார்க்கவில்லை. மன்னரைக் கும்பிட்டான்.

"மன்னா, இரவெல்லாம் யோசித்தேன். இந்தச் சட்டம் நியாயமானது. இதைவிட நியாயமானது இனிமேல் பிறக்கப் போவதில்லை."

ஒரு கணம் யாருக்கும் எதுவும் புரியவில்லை. பிறகு பூவாயியின் குரல் மட்டும் கேட்டது.

"நீயுமா சாமி? ஒன்னைய நம்பித்தானே நான் அழுவாம நின்னேன்."

கூட்டத்திலிருந்து ஒரு செருப்பு பறந்து வந்து தாண்டவன் காலடியில் விழுந்தது. தயாபரர் முகத்தில் தீபாவளி. "பார்த்தீர்களா மன்னா! தோல்வியை ஒப்புக்கொண்டார். நியாயம் என்றதால் மோதிரம் கொடுத்துவிடுவோம், அது சட்டப்படி. நிலைநாட்டாததால் நாக்கை எடுத்துவிடுவோம், அதுவும் சட்டப்படி."

மோதிரம் தாண்டவன் விரலில் ஏறியது. குறடுக்காரன் எழுந்து நின்றான். நிழலுக்கும் படிக்கும் நடுவே ஐந்து அடி.

"பொழுது இன்னும் சாயவில்லையே, மன்னா" என்றான் தாண்டவன். குரல் கொஞ்சம் நடுங்கியது. அதை இருமி மறைத்தான். "நான் சட்டத்தை மதிப்பவன். இன்று எனக்கு வரவு வந்திருக்கிறது. வரி எழுதாமல் நாக்கை இழந்தால் பிறகு எப்படிக் கணக்குச் சொல்வேன்? கணக்கரைக் கூப்பிடுங்கள்."

கணக்கர் வந்தார். அவருக்கு நண்பர், பகைவர் என்று யாரும் கிடையாது, பெருக்கல் மட்டும்தான். ஓலையை விரித்தார்.

"தாண்டவன். வரவு மோதிரம் ஒன்று, பெறுமானம் அறுபது பணம். முந்நூற்று அறுபத்தைந்தால் பெருக்க இருபத்தோராயிரத்துத் தொள்ளாயிரம். ஆறில் ஒரு பங்கு மூவாயிரத்து அறுநூற்று ஐம்பது. இன்று பொழுது சாய்வதற்குள் கட்ட வேண்டும். இல்லாவிட்டால் வீடு ஏலம், ஆள் கல்லுடைக்க."

"மோதிரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டால்?"

"வந்தது வந்ததுதான். பொரிக்காரியும் பணத்தைத் திருப்பித் தருகிறேன் என்றாள். சட்டத்தில் இடமில்லை."

"நன்று. என் வீட்டை எழுதிக்கொள்ளும். ஆனால் என்னிடம் மட்டும் வசூலித்தால் அமைச்சரின் நியாயத்துக்குக் களங்கம் வராதா? விலக்கே இல்லை என்றாரே. இங்கே இன்னும் இருபது பேருக்கு இன்று வரவு வந்திருக்கிறது."

கணக்கர் தலையைத் தூக்கி அவையோர் வரிசையைப் பார்த்தார். அவர் கண்ணில் ஒரு வெளிச்சம். பசித்தவன் பந்தியைப் பார்த்த வெளிச்சம்.

"அவர்களுக்கு அமாவாசையன்றே பார்த்தாகிவிட்டது!" என்றார் தயாபரர்.

"எத்தனை நாள் வேண்டுமானாலும் பார்க்கலாம், அதிகம் எதுவோ அதுவே கணக்கு" என்றார் கணக்கர். "தாங்களே சேர்த்த வரி, ஐயா. நடித்துக்காட்டிய அன்று."

வரிசையில் சலசலப்பு. ஒருவர் மோதிரக் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். யானைக்கொட்டில் அதிகாரி மோதிரத்தைக் கழற்றி வாயில் போட்டுக்கொண்டார். கணக்கர் எதிரே நின்று பொறுமையாக, "வாயிலும் வரவு வரவே" என்று எழுதினார். ஒவ்வொருவருக்கும் மூவாயிரத்து அறுநூற்று ஐம்பது. ஒருவர் அழுதேவிட்டார். நிழல் நகர்ந்துகொண்டே இருந்தது. மூன்று அடி. இரண்டு.

கடைசியில் கணக்கர் தயாபரர் முன்னால் வந்தார்.

"கங்கணம் ஒன்று, அறுநூறு பணம். பெருக்க இரண்டு லட்சத்துப் பத்தொன்பதாயிரம். ஆறில் ஒரு பங்கு முப்பத்தாறாயிரத்து ஐநூறு. பொழுது சாய இன்னும் ஒன்றரை அடி இருக்கிறது, ஐயா."

தயாபரர் முகம் வெளுத்தது. "முட்டாளே! இது இன்று ஒரு நாள் வந்தது! தினமும் யாரய்யா எனக்குக் கங்கணம் போடுகிறார்கள்?"

காவலருக்கு நடுவிலிருந்து பூவாயி கேட்டாள்:

"தெனமும் யாரு சாமி தேரு இழுக்கறா?"

அவள் சத்தமாகக்கூடக் கேட்கவில்லை. ஆனால் மைதானம் முழுக்கக் கேட்டது. தயாபரர் காதில் மட்டும் விழவில்லை. அவர் கங்கணத்தைக் கழற்ற முடியாமல் இழுத்துக்கொண்டே கத்தினார்:

"ஒரு நாள் வரவை வைத்துக்கொண்டு வருடம் முழுவதையும் அளப்பதா? அநியாயம்! இது பச்சை அநியாயம்!"

குறடுக்காரன் இரண்டு அடி எடுத்து வைத்து, தாண்டவனையும் அமைச்சரையும் மாறி மாறிப் பார்த்தான். யாருடைய வாய் என்று அவனுக்குச் சொல்லப்படவில்லை. தயாபரர் கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

தாண்டவன் மன்னர் பக்கம் திரும்பினான். "மன்னா, தயவுசெய்து அமைச்சரின் நாக்கை விட்டுவிடுங்கள். அநியாயம் என்றும் சொன்னார், ஏன் அநியாயம் என்றும் சொன்னார். பொழுது சாய்வதற்குள் நிலைநாட்டிவிட்டார். என்னால்கூட இவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்க முடியாது. விவாதத்தில் வென்றவர் அவரே. ஆனால் அவர் வாயைத் திறக்க வைத்தவன் என்ற முறையில் பூவாயிக்காக நான் அந்த வெற்றியைக் கடன் கேட்கிறேன்."

மன்னர் தயாபரரைப் பார்த்தார். வாய்க்குள் மோதிரத்தோடு நின்ற யானைக்கொட்டில் அதிகாரியைப் பார்த்தார். உதடு துடித்தது. அடக்கிப் பார்த்தார். பிறகு கிரீடம் சரியும்படி சிரித்தார். அரசர் சிரித்த பிறகுதான் மைதானம் சிரித்தது. அதற்கு முன் சிரிப்பதற்கும் வரி இருக்குமோ என்று யாருக்கும் தெரியவில்லை.

நிழல் படியைத் தொட்டபோது பூவாயி தன் வறைசட்டியிலிருந்து ஏலச்சீட்டைக் கிழித்துக்கொண்டிருந்தாள்.

அங்கேயே ஆணை பிறந்தது. ஊராருக்கு இனி முழு வருட வரவும் பார்த்து, தேர் நாளையும் மழை நாளையும் சேர்த்துத்தான் வரி. "ஆனால் இத்தனை பெரியவர்கள் மோதிரம் வாங்கிக்கொண்டு நியாயம் என்று சொன்ன சட்டத்தை ஒரேயடியாக நீக்குவது மரியாதை இல்லை" என்றார் மன்னர். "இதுவரை எழுதிய கணக்கைத் தள்ளுபடி செய்கிறேன். இந்தக் கணம் முதல் அவையோருக்கு மட்டும் அது அப்படியே இருக்கட்டும். எட்டாவது நிலையை அதில் கட்டிக்கொள்கிறேன். தாண்டவா, உனக்கு முந்நூற்று அறுபத்தைந்து பணம் பரிசு. பிடி."

"வேண்டாம் மன்னா" என்று பின்வாங்கினான் தாண்டவன். "நானும் அவையில் இருப்பவன். மொத்தமாகத் தந்தால் கணக்கர் பெருக்கிவிடுவார். தினம் ஒரு பணமாகத் தாருங்கள்."

மன்னருக்கு மறுபடி சிரிப்பு வந்து, கிரீடத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

தை பிறந்தது. பொங்கலன்று அவையோருக்குப் பட்டும் பொன்னும் பரிசளிப்பது அரண்மனை வழக்கம். அன்று காலை வாசலில் கணக்கர் புது ஓலையோடு உட்கார்ந்திருந்தார். உள்ளே தயாபரரின் இருக்கை காலி. மன்னர் தாம்பாளத்தைத் தாண்டவனிடம் கொடுத்து, "போய்க் கொடுத்துவிட்டு வா" என்றார். கணக்கரும் ஓலையைச் சுருட்டிக்கொண்டு கூடவே கிளம்பினார்.

அமைச்சர் வீட்டுக் கதவு நடுப்பகலில் சாத்தியிருந்தது. வேலைக்காரன் தயங்கித் திறந்தான். தாண்டவன் மட்டும் உள்ளே போனான். தயாபரர் கழுத்துவரை போர்த்திக்கொண்டு படுத்திருந்தார். நெற்றியில் மடித்த துணி.

"கடும் காய்ச்சல்" என்றார், கண்ணைத் திறக்காமல். "வைத்தியர் பொன்னைத் தொடவே கூடாது என்று சொல்லிவிட்டார். எடுத்துக்கொண்டு போய்விடும்."

வாசலில் கணக்கரின் மரச்செருப்புச் சத்தம் கேட்டது. தயாபரர் ஒரு கண்ணைத் திறந்தார். நெற்றித் துணியைத் தொட்டுப் பார்த்தார். காய்ந்திருந்தது. தலைமாட்டில் இருந்த செம்பில் அதை முக்கி, நன்றாகப் பிழிந்து, மறுபடியும் நெற்றியில் போட்டுக்கொண்டார்.