சங்கிலிக் கதவும் குளோக் கிண்ணமும்

பிசகாகச் சொல்லிவிடுவேனோ என்ற பயத்தோடுதான் இதைச் சொல்கிறேன். ஒரு சொல் மாறினாலும் கதை கெட்டுவிடும்.

சுவீடனின் வடக்கே, மார்கழியில் பகல் வந்த சுவடே தெரியாமல் போய்விடும் ஓர் ஊர். அங்கே ஒரு மாடிக் குடியிருப்பில் தவமலர் தனியாக இருந்தாள். கணவர் காலமான பிறகு பேச்சுத் துணை இல்லை. படிக்கட்டில் காலடி கேட்டால், அது அடங்கும்வரை கதவைத் திறக்காமல் நிற்பது அங்குள்ளவர்களின் வழக்கம். வேறு எதைப் பழகினாளோ இல்லையோ, அதை அவள் நன்றாகப் பழகிக்கொண்டாள். கதவுக்குச் சங்கிலியும் மாட்டியிருந்தாள்.

அவளுடைய குரு மாதினி, வயதில் இளையவர். இவள் அவரை அம்மா என்பாள். அவர் இவளை அக்கா என்பார்.

நத்தார் என்கிற கிறிஸ்துமசுக்கு முன் ஒருநாள் குரு வந்தபோது, அடுப்பில் குளோக் சூடாகிக்கொண்டிருந்தது. சிவப்பு வைனில் ஏலம், கறுவா, கராம்பு, தோடம்பழத் தோல், சீனி எல்லாம் போட்டு, அந்த நாட்டார் குளிருக்குக் குடிக்கிற பானம்.

"ஆருக்கக்கா இது?"

"எதிர்வீட்டுத் தூரேக்கு. போன நத்தாருக்கு என்ர வாசலில இனிப்புப் பணிஸ் சுட்டு வைச்சிட்டுப் போன மனுசன். நேற்றுப் படியில மாட்டுப்பட்டன். வாங்கோ எண்டு வாயில வந்திட்டுது. வந்தா என்னத்தைக் கதைக்கிறது? அம்மா, இந்தத் தனிமை எப்பதான் தீரும்?"

குரு அடுப்படிக்குப் போனார். சட்டியை எட்டிப் பார்த்தார்.

"கொதிக்க விடக் கூடாது. ரசம் மாதிரி," என்றாள் தவமலர். "கொதிச்சா வெறியெல்லாம் ஆவியாப் போயிடும்."

"பிறகு?"

"பிறகென்ன, சீனித்தண்ணிதான்."

அழைப்புமணி அடித்தது. தவமலர் அசையவில்லை.

"விட்டிட்டுப் போனா கொதிச்சிடும், அம்மா."

மணி மறுபடி அடித்தது. குரு கையை நீட்டி அடுப்பை நிறுத்தினார்.

"ஐயோ, ஆறிப்போகுமே!"

"இதைத் திருப்பிச் சுடவைக்கலாம், அக்கா."

வெளியே ஒரு செருமல். பிறகு காலடி திரும்பும் ஓசை.

தவமலர் அவசரமாகக் கிண்ணத்தில் உலர்ந்த திராட்சையும் பாதாமும் போட்டு, குளோக்கை ஊற்றிக்கொண்டு ஓடினாள். சங்கிலியைக் கழற்றக் கை வரவில்லை. சங்கிலி விட்ட அளவுக்கே கதவைத் திறந்தாள். நல்லவேளை, குளோக் கிண்ணங்கள் சின்னவை. இடுக்கு வழியே போய்விட்டது.

தூரே திரும்பி வந்து, வெளியில் நின்றே குடித்தார். திராட்சை அடியில் ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. கிண்ணத்தைக் கவிழ்த்துத் தட்டினார். இவள் ஓடிப்போய் ஒரு கரண்டி எடுத்து அதையும் இடுக்கில் நீட்டினாள். அவர் சிரித்தார். இவளுக்கும் சிரிப்பு வந்தது. நாலு சொல்கூடப் பேசவில்லை. கிண்ணம் திரும்பி வந்தது. எதிர்க்கதவு சாத்திக்கொண்டது.

"பாத்தீங்களே, போயிட்டார்," என்றாள் தவமலர். "சங்கிலியைக் கழட்டியிருக்கலாம்."

குரு கிண்ணத்தை வாங்கிக் கழுவி வைத்தார்.

"கரண்டி எங்கயக்கா?"

தவமலர் வெறுங்கையைப் பார்த்தாள். பிறகு எதிர்வீட்டுப் பக்கம் பார்த்தாள். அடுப்பை மெல்லிய சூட்டில் வைத்தாள். சங்கிலியைக் கழற்றவில்லை. கதவுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.