பார்த்தவருக்கும் ஒரு பங்கு

முன்னொரு காலத்தில் கோட்டைப்பாறை என்ற நாட்டை நெடுங்கோவன் என்ற ராஜா ஆண்டுவந்தான். நல்ல மனசுக்காரன்தான். ஆனால் கடைசியாக யார் பேசினார்களோ அவர்கள் சொன்னதுதான் அன்றைக்குச் சட்டம். காலையில் ஓர் உத்தரவு, சாப்பிட்டுக் கை கழுவினால் வேறோர் உத்தரவு. அவனிடம் சொக்கேசர் மந்திரியாகக் காலம் தள்ளினார் என்றால், அவர் பொறுமையை நீங்களே அளந்துகொள்ளுங்கள்.

அந்த நாட்டில் ஆற்றை ஒட்டி ஈச்சங்காடு இருந்தது. பொதுக்காடு, யாரும் வேட்டையாடலாம். மழை பொய்த்ததும் வந்தது வினை. காட்டோரத்து ஈச்சம்பட்டி வேடர்களும் அக்கரை வேடர்களும் மண்டையை உடைத்துக்கொண்டு சபைக்கு வந்தார்கள்.

ஈச்சம்பட்டி முனியன் சொன்னான்: “சாமி, இது மான் சினையா இருக்கிற மாசம். நாங்க மான் மேல வில்லைத் தூக்கமாட்டோம். இவங்க வலையைக் கட்டி வயித்துக் குட்டியோட அள்ளிட்டுப் போறாங்க. நாளைக்கு எங்க புள்ளைங்க எதைத் தின்னும்?”

அக்கரைச் சடையன் விடவில்லை. “அந்த முறையை எங்களுக்கு யாரு சொன்னா சாமி? ராத்திரி பூரா எங்க சோளத்தைத் தின்னுட்டு, பகல்ல இவங்க காட்டுல வந்து தூங்குது பன்றி. அதை நாங்க வேற எங்க போய்த் தேடுறது?”

இரண்டு பேச்சிலும் நியாயம் இருப்பது சொக்கேசருக்குப் புரிந்தது. ஆனால் தளவாய் வீரபத்திரர் முந்திக்கொண்டார். இவர் ராணியின் பிறந்த நாட்டிலிருந்து, அவள் பல்லக்கின் பின்னாலேயே வந்து சேர்ந்தவர். வந்த நாள் முதல் மந்திரி பதவி மேல் ஒரு கண்.

“இதில் யோசிக்க என்ன இருக்கிறது மகாராஜா? காட்டோரம் குடியிருப்பவனுக்கே காடு. வெளியூரான் நுழைந்தால் வில்லை முறித்துத் துரத்த வேண்டியதுதான்!”

“கொஞ்சம் பொறுத்து...” என்றார் சொக்கேசர்.

“மந்திரியார் பொறுக்கத்தான் சொல்வார். மகளைக் கொடுத்திருப்பது அக்கரையில் அல்லவா!”

ராஜாவின் முகம் சிவந்துவிட்டது. “அப்படியா சங்கதி? தளவாய் சொன்னதே சட்டம். சொக்கேசரே, எல்லையில் நீர்தான் காவல். வெளியூரான் ஒருவன் உள்ளே போனாலும் உமது முத்திரை மோதிரம் தளவாய் விரலுக்குப் போய்விடும்!”

பாவம், சொக்கேசர் காட்டெல்லையில் போய் நின்றார். கொஞ்ச நாளில் மேளதாளத்தோடு அங்கே வந்தது யார் தெரியுமா? ராஜாவேதான்! தளவாய் தூபம் போட்டு வேட்டைக்குக் கிளப்பி, கூடவே வந்திருந்தார். மேளச் சத்தம் கேட்டு முனியன் ஆட்களும் சடையன் ஆட்களும் எல்லையில் கூடிவிட்டார்கள். தலைநகரத்து ராஜாவை உள்ளே விட்டால் மோதிரம் போகும். தடுத்தால் தலை போகும். ஆனாலும் சொக்கேசர் கையை நீட்டி மறித்தார்.

“மன்னிக்க வேண்டும். மகாராஜா எந்த ஊர்?”

“என்ன திமிர்! என்னையா கேட்கிறீர்?”

“காட்டோரம் குடியிருப்பவருக்குத்தான் அனுமதி. உத்தரவு தங்களுடையது.”

“இந்த நாடே என் வீடு ஐயா! என் வீட்டில் நான் வெளியூரானா?”

சொக்கேசர் கும்பிட்டார். “அந்த வார்த்தைக்குத்தான் காத்திருந்தேன். நாடு முழுக்க ஒரே வீடு என்றால் ஈச்சம்பட்டி முன்கட்டு, அக்கரை பின்கட்டு. பின்கட்டில் இருப்பவன் வெளியூரானா மகாராஜா?”

ராஜா திரும்பித் தளவாயைப் பார்த்தான்.

“அப்படியானால் எல்லோரும் புகுந்து காட்டை மொட்டையடிக்கட்டுமா?” என்று தளவாய் சீறினார்.

“வீடு பொதுவாக இருக்கலாம். அடுப்படியில் எது இருக்கிறது, எதைத் தொடக்கூடாது என்று அங்கே புழங்குகிறவரைக் கேட்டுத்தானே கை வைக்கிறோம்? ஈச்சம்பட்டியார் அனுமதித்துக் கொம்பு ஊதினால்தான் வேட்டை. ராஜாவுக்கும் அதுவே முறை.”

எல்லோரும் ராஜாவின் முகத்தைப் பார்த்தார்கள். அவன் மீசையைத் தடவியபடி முனியனைக் கேட்டான்: “என்னப்பா, இன்றைக்கு எதை அடிக்கலாம்?”

“மானைத் தொடாதீங்க சாமி. பன்றி அடிக்கலாம். ஆனா எங்ககிட்ட அதுக்குத் தோதான வலை இல்லை.”

“எங்ககிட்ட இருக்கு!” என்றான் சடையன்.

முனியன் கொம்பு ஊதினான். ஈச்சம்பட்டியார் தடம் பார்த்து விரட்ட, அக்கரையார் வலை கட்ட, தந்தம் முளைத்ததுபோல் கோரைப்பல் நீண்ட பன்றி ஒன்று விழுந்தது. கடைசி ஈட்டி ராஜாவுடையது. தளவாய் மட்டும் எதிலும் சேராமல் ஒரு மரத்தடியில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றார்.

கறியைக் கூறு போடும்போது ராஜா குஷியாகக் கேட்டான்: “என்ன சொக்கேசரே, வெளியூரான் ஒருவனும் நுழையவில்லையே?”

“ஒருவரை உள்ளே விட்டுவிட்டேன் மகாராஜா. ராணியாரின் பல்லக்கோடு வந்தவர். அவருக்கு ஊர் இந்த நாட்டிலேயே இல்லை.” சொக்கேசர் மோதிரத்தைக் கழற்றித் தளவாயிடம் நீட்டினார். “‘நான் வெளியூரான்’ என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். இது உங்களுக்குத்தான். பிறகு நீங்கள் சொன்ன சட்டப்படி வில்லை முறித்துத் துரத்துவதா என்பதை மகாராஜா முடிவு செய்யட்டும்.”

காடே அதிர ராஜா சிரித்தான். தளவாய் மோதிரத்தைத் தொடாமல் மரத்தடிக்கே பின்வாங்கினார். சொக்கேசரின் விரலில் ராஜாவே மோதிரத்தை மாட்டி, தன் கழுத்து முத்துமாலையையும் அவருக்குப் போட்டான்.

அப்போது முனியன் தேக்கிலைப் பொட்டலம் ஒன்றோடு மரத்தடிக்குப் போனான். “இந்தாங்க எசமான், உங்க பங்கு.”

“நான்தான் வேட்டையாடவே இல்லையே” என்றார் தளவாய், தரையைப் பார்த்தபடி.

“கூறு போடுறதைப் பார்த்தீங்கல்ல? பார்த்தவங்களுக்கும் ஒரு பங்கு, அது எங்க காட்டு வழக்கம். எந்த ஊருன்னு கேக்கமாட்டோம்.”

தளவாய் இரண்டு கையாலும் அதை வாங்கிக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் சபையில் யாரையும் வெளியூரான் என்று சொல்லி யாரும் கேட்டதில்லை. இவ்வளவு நேரம் கேட்ட நீங்களும் பார்த்தவர் கணக்குத்தான். உங்கள் பங்கு இந்தக் கதை.