தட்டினால் உதிராத தூசி

தூத்துக்குடிக்குத் தெற்கே, செம்மணல் பாலையாகக் கிடக்கும் தேரிக்காட்டில் பிறந்து வளர்ந்தவர் ஞானதுரை. பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும், காற்றில் மிதக்கும் தூசியைப் பற்றிப் படிக்க ஆதிலட்சுமி டீச்சரிடம் மாணவராகச் சேர்ந்தார். டீச்சர் அவரைவிட இருபது வயது இளையவர்.

ஆடிக் காற்றில் ஒரு வாரம் தேரியிலும், மறுவாரம் சென்னையில் மகள் வீட்டிலும் வடிதாள் வைத்துத் தூசி பிடித்தார். எடை போட்டதும் நேராக டீச்சரிடம் வந்தார்.

“தேரியிலதான் தூசி கூட, டீச்சர். நாலு மடங்கு!”

“அதுக்கு ஏன் இப்படி மூச்சு வாங்க வர்றீங்க, அண்ணாச்சி?”

“பேத்திக்கு மூணு மாசமா மூச்சு இளைப்பு. ஊருக்குக் கூட்டிட்டு வரட்டுமான்னு மக கேக்கா. வேண்டாம், அங்கேயே இருன்னு சொல்லப்போறேன். எடையே சொல்லுதே!”

டீச்சர் மேசைமேல் வெள்ளைத் துணியை விரித்தார்.

“ரெண்டு தாளையும் தட்டுங்க.”

“பாடுபட்டுப் பிடிச்சது டீச்சர்!”

“எடை போட்டாச்சுல்ல? தட்டுங்க.”

தேரித் தாளைத் தட்டினார். செந்தூள் பொலபொலவென்று உதிர்ந்தது. சென்னைத் தாளைத் தட்டினார். ஒன்றும் விழவில்லை. ஓங்கித் தட்டினார். விரலால் தேய்த்தார். பிசுபிசுவென்று கறுப்பு ஒட்டியது. வேட்டி நுனியில் துடைத்தும் ரேகைக்குள் அப்படியே நின்றது.

“புகையும் எண்ணெயுமால்ல இருக்கு…” ஞானதுரையின் குரல் இறங்கியிருந்தது. “அப்போ நம்ம தேரித் தூசி ஒண்ணும் செய்யாதா, டீச்சர்?”

“யார் சொன்னா? அதுவும் நெஞ்சுக்குள்ள போகத்தான் செய்யும். தேரியில காத்து கிளம்பினா நீங்க என்ன செய்வீங்க?”

“தூரத்துலயே செவசெவன்னு தெரியுமே. கதவைச் சாத்துவோம். துண்டால மூக்கைப் பொத்திக்குவோம்.”

“சென்னையில ஒரு வாரம் இருந்தீங்களே அண்ணாச்சி, எத்தனை தடவை சாத்துனீங்க?”

ஞானதுரை கறுப்பு ஒட்டிய தன் விரலைப் பார்த்தார். போய் இறங்கிய அன்றே, பிள்ளைக்கு நல்ல காற்று வரட்டும் என்று சாலைப் பக்கத்து ஜன்னலை அகலத் திறந்து வைத்தவர் அவர்தான்.

டீச்சர் துணியை மடித்துக்கொண்டிருந்தார். ஞானதுரை போனை எடுத்தார்.

“அம்மாடி, நான்தான். ஊருக்கு வர்றதைப் பொறவு பேசுவோம். மொதல்ல அந்த ஜன்னலைச் சாத்து.”