பம்பரக்குளத்தின் ஒரே தோட்டா

முட்டாள்கள் எல்லா ஊரிலும்தான் இருக்கிறார்கள். என் ஊரிலும் உண்டு, உங்கள் ஊரிலும் இல்லாமலா போவார்கள். ஆனால் தலைவர், செயலாளர், ரப்பர் ஸ்டாம்பு எல்லாம் வைத்துக்கொண்டு முறைப்படி முட்டாள்களாக இருந்தவர்கள் பம்பரக்குளத்துக்காரர்கள்தான்.

அந்த வருஷம் மலையடிவாரத்து ஊர்களில் துப்பாக்கி ஆசை அம்மை மாதிரி பரவியது. காட்டுப்பன்றித் தொல்லை தாங்கவில்லை என்று ஒருவர் லைசன்ஸ் வாங்கினார். அவரைப் பார்த்து அவருடைய மச்சினர் வாங்கினார். மச்சினரைப் பார்த்து, ஒரு செண்டு வயல்கூட இல்லாத பலசரக்குக் கடைக்காரர் வாங்கினார். கரப்பான்பூச்சியைக் கண்டால் கட்டில்மேல் ஏறி நிற்கிற ஆட்களெல்லாம் தோளில் துப்பாக்கியோடு டீக்கடைக்கு வந்தார்கள். பக்கத்து ஊரான சாத்தன்கரையில் துப்பாக்கி சுடும் சங்கமே ஆரம்பித்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆனால் வரிசையாகக் குப்புறப் படுத்து அட்டையைச் சுட்டார்கள்.

சாத்தன்கரையில் ஒன்று இருந்தால் பம்பரக்குளத்தில் அது இரண்டாக இருக்க வேண்டும் என்பது பழைய வழக்கம். ஆனால் என்ன முட்டி மோதியும் லைசன்ஸ் ஒன்றுதான் கிடைத்தது, அதுவும் கோமதிநாயகம் பேரில். ஆகவே துப்பாக்கி ஒன்று, சங்கம் ஒன்று, கோமதிநாயகம் தலைவர், ஊர் ஆம்பிளைகள் அத்தனை பேரும் உறுப்பினர்கள் என்று ஏற்பாடாயிற்று.

துப்பாக்கிக்கு வேலையும் தயாராகக் காத்திருந்தது. உலகம்மையின் நிலக்கடலைத் தோட்டத்துக்கு ஒரு கிழட்டுப் பன்றி தினமும் பொழுது சாயும் நேரத்தில் வந்துவிடும். சம்பந்தி வீட்டு விருந்துக்கு வந்தது மாதிரி நிதானமாக இருந்து சாப்பிட்டுவிட்டுப் போகும். உலகம்மைக்கு வருஷம் முழுக்க வயிற்றுப்பாடு அந்தக் கடலைதான். அடுத்த விதைப்புக்கு விதையும் அதுதான். அவள் புருஷன் கொம்பையா வரப்பில் நின்று தகர டின்னைத் தட்டிப் பார்த்தான். பன்றி தாளத்துக்குத் தலையை ஆட்டிக்கொண்டே தின்றது.

“அண்ணாச்சி, பாதித் தோட்டம் போயிட்டு. மிச்சத்தையாவது காப்பாத்திக் குடுங்க” என்று உலகம்மை சங்கத்து வாசலில் வந்து நின்று அழுதாள். கோமதிநாயகம் இளகிய மனசுக்காரர். அவரும் அழுதார். தலைவர் அழுததால் சங்கமும் எழுந்து நின்று அழுதது.

சுடச் சொல்லிக்கொடுக்க, சாத்தன்கரையிலிருந்து ராயப்பன் என்ற பழைய ராணுவக்காரரைக் கூட்டிவந்தார்கள். வரவேற்பு, மாலை, பொன்னாடை, தலைவர் உரை எல்லாம் முடிவதற்குள் அவர் திரும்பிப் போக வேண்டிய பஸ் வந்துவிட்டது. பாவம், ஒரு காலைப் படியில் வைத்துக்கொண்டே பாடம் நடத்தினார்.

“நல்லா கேட்டுக்கோங்க. துப்பாக்கியில எப்பவும் தோட்டா இருக்குன்னே நினைக்கணும். எதைச் சுட விருப்பம் இல்லையோ அதுக்கு நேரா குழலை நீட்டக் கூடாது. குறிக்குப் பின்னால என்ன இருக்குன்னு தெரியாம சுடக் கூடாது. ஒரு கண்ணை மூடணும், மூச்சை அடக்கணும், கடைசியிலதான் விரலைக் கொண்டு போகணும். வேலை முடிஞ்சா துப்பாக்கி தனி, தோட்டா தனின்னு பூட்டி வைக்கணும். புரிஞ்சுதா?”

“புரிஞ்சுது!” என்று சங்கம் ஒரே குரலில் சொன்னது. பஸ் போய்விட்டது. இதில் ராயப்பன் மேல் எந்தத் தப்பும் இல்லை என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

ஆவுடையப்பன் என்ற உறுப்பினர் ஆசையாக ஒரு தோட்டாவை எடுத்துத் துப்பாக்கியில் போடப் போனார். செயலாளர் மந்திரமூர்த்தி அவர் கையைத் தட்டிவிட்டார்.

“என்னவே செய்யுதீரு?”

“தோட்டா போடுதேன்.”

“அதான் உள்ள இருக்கே.”

“எங்க இருக்கு? காலியாலா கிடக்கு.”

“எப்பவும் இருக்குன்னு நினைக்கணும்னு சொன்னாரா இல்லையா? இருக்குறதுக்கு மேல இன்னொண்ணைப் போட்டா ரெண்டாயிரும். ரெண்டு சேந்தா குழல் வெடிச்சு ஊரே போயிரும்வே!”

ஆவுடையப்பனுக்கு வியர்த்துக் கொட்டியது. ஊர் மயிரிழையில் தப்பியது. தோட்டாக்களை ஒரு டிரங்குப் பெட்டியில் போட்டுப் பூட்டினார்கள். துப்பாக்கியை ஒரு மரப்பெட்டியில் வைத்துப் பூட்டினார்கள். சாவி கண்டவன் கையில் சிக்கக் கூடாது அல்லவா? அதனால் துப்பாக்கிப் பெட்டிச் சாவியைத் தோட்டாப் பெட்டிக்குள்ளும், தோட்டாப் பெட்டிச் சாவியைத் துப்பாக்கிப் பெட்டிக்குள்ளும் முன்கூட்டியே பத்திரப்படுத்தியிருந்தார்கள்.

மறுநாள் காலையில் இரண்டு பெட்டியையும் திறக்க முடியவில்லை.

“நம்மளாலயே திறக்க முடியலைன்னா திருடன் எப்படிவே திறப்பான்?” என்று தலைவர் பெருமைப்பட்டார். சரி, பெட்டியோடு தோட்டத்துக்குப் போவோம் என்று துப்பாக்கிப் பெட்டியை நாலு பேர் தூக்கினார்கள். அடிப்பலகையைக் கரையான் எப்போதோ தின்றிருந்தது. பெட்டி மேலே வந்தது, துப்பாக்கியும் சாவியும் தரையிலேயே கிடந்தன. உடனே பூட்டை இழுத்துப் பார்த்தார்கள். பூட்டு கெட்டியாக இருந்தது. மனத் திருப்தியோடு துப்பாக்கியை எடுத்துக்கொண்டார்கள். சாவியை யாரும் தொடவில்லை. தோட்டாதான் உள்ளேயே இருக்கிறதே, சாவி எதற்கு?

துப்பாக்கியைக் கையில் எடுத்ததும் அடுத்த சிக்கல் வந்தது. குழலை எந்தப் பக்கம் நீட்டிக்கொண்டு நடப்பது?

“மேல பிடிங்க அண்ணாச்சி” என்றார் ஆவுடையப்பன்.

“மேல வானம்லா இருக்கு. வானத்தைச் சுட நமக்கு விருப்பம் உண்டா?”

“மழை பெய்யலைன்னு ஒரு கோவம் உண்டு. சுடுற அளவுக்கு இல்ல.”

“கீழ பிடிச்சா பூமாதேவி. பக்கவாட்டுல பிடிச்சா நீரு.”

“என்னைச் சுடுற விருப்பம் உங்களுக்கு உண்டா அண்ணாச்சி?”

கோமதிநாயகம் நேர்மையான மனிதர். கொஞ்சம் யோசித்துத்தான் பதில் சொன்னார். “போன வருஷம் வாய்க்கால் தண்ணி விஷயத்துல இருந்துச்சு. இப்ப இல்ல.”

எல்லோருக்கும் சுட விருப்பமுள்ள பொருள் ஊரில் என்ன இருக்கிறது என்று மத்தியானம் வரை விவாதம் நடந்தது. கடைசியில் உலகம்மை வீட்டு ஓட்டைப் பானை என்று முடிவாயிற்று. அது ஒழுகி ஒழுகி அவளை அவ்வளவு பாடு படுத்தியிருந்தது. பானையைக் கயிறு போட்டுக் குழலின் நுனியில் கட்டிவிட்டார்கள். இனி எந்தப் பக்கம் திரும்பினாலும் துப்பாக்கி பானையைத்தான் பார்க்கும். ஊரே நிம்மதியாக மூச்சுவிட்டது.

அடுத்து பொறுப்புகள். பம்பரக்குளத்தில் ஓர் ஆள் ஒரு வேலைதான் செய்வான். பந்தியில் தண்ணீர் ஊற்ற ஒருவர் என்றால் டம்ளரை நகர்த்த வேறொருவர். அப்படியிருக்க, சுடுவது மாதிரி பெரிய வேலையை ஒருவரிடமே விட்டால் மற்றவர்களுக்கு என்ன மரியாதை? எனவே துப்பாக்கியைத் தாங்கும் தோள் தலைவர் என்றும், மூடும் கண் ஆவுடையப்பன் என்றும், அடக்கும் மூச்சு பூதப்பாண்டி என்றும், விரல் மந்திரமூர்த்தி என்றும் தீர்மானம் போட்டு மாலை போட்டார்கள். பார்க்கும் கண் யார் என்று பின்வரிசையில் ஒருவர் கேட்டார். மூடத்தான் சொன்னாரே தவிர, பார்க்கச் சொல்லவில்லையே என்று அவரை உட்கார வைத்தார்கள்.

குறிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்கும் பொறுப்பு கொம்பையாவுக்கு வந்தது. தோட்டம் அவனுடையது, மாலையும் ஒன்று மிச்சம் இருந்தது. “நல்லா பாத்துட்டு வாரேன்” என்று உலகம்மையிடம் சொல்லிவிட்டு, பன்றி வழக்கமாக நிற்கும் இடத்துக்குப் பின்னால், கிழக்குப் பக்கமாக நடந்தான்.

அன்று மாலை பன்றி வந்தது, கொம்பையா வரவில்லை. மறுநாள் பஸ் கண்டக்டர் மூலமாகத் தகவல் வந்தது. “வேலி இருக்கு. வேலிக்குப் பின்னால வாய்க்கால். வாய்க்காலுக்குப் பின்னால செங்கல் சூளை. சூளைக்குப் பின்னால என்னன்னு பாத்துட்டுச் சொல்லுதேன்.” அதற்கப்புறம் ஒரு லாரி டிரைவர் வந்து, சூளைக்குப் பின்னால் ரயில் தண்டவாளம் இருப்பதாகவும், அதற்குப் பின்னாலும் ஏதோ இருப்பதாகவும் சொல்லிவிட்டுப் போனார்.

சங்கம் தினமும் வரப்பில் கூடி, பன்றி தின்பதைக் கவலையோடு பார்த்துவிட்டுக் கலைந்தது. பின்னால் என்ன இருக்கிறது என்று முழுசாகத் தெரியாமல் சுட முடியுமா? ஒவ்வொரு நாளும் பன்றி ஒரு பாத்தி தின்றது. உலகம்மை வரப்பில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள். “புருஷனும் போயிட்டாவ, கடலையும் போவுது. நான் எதைத்தான் பாப்பேன்?” அவள் அழுவதைப் பார்க்க எனக்கே கஷ்டமாக இருந்தது. அவர்களுக்கும்தான் இருந்தது, சும்மா சொல்லக் கூடாது.

ஒரு நாள் மத்தியானம் மீன்காரர் ஒருவர் சைக்கிளில் வந்து இறங்கினார். “உங்க ஊர் கொம்பையா திருச்செந்தூர்ல நிக்காரு. பின்னால கடல் இருக்காம். கடலுக்குப் பின்னால பாக்கத் தோணி கேட்டாரு. எவனும் குடுக்கலை.”

சங்கம் அவசரமாகக் கூடியது.

“கடலுக்குப் பின்னால யாரு தோட்டமாவது இருக்குமோ?” என்றார் பூதப்பாண்டி.

“கடலுக்குள்ள வாய்க்கால் வெட்டவா முடியும்? தண்ணி இல்லாம எவன்வே அங்க தோட்டம் போடுவான்?” என்றார் மந்திரமூர்த்தி.

நியாயமாகத்தான் பட்டது. அன்று மாலையே சுடுவது என்று முடிவெடுத்தார்கள்.

பொழுது சாய்ந்தது. மேற்கு வரப்பில் நின்றால் வெயில் கண்ணில் படாது என்பதால் அங்கே அணிவகுத்தார்கள். கோமதிநாயகம் தோளில் துப்பாக்கி, நுனியில் பானை. ஆவுடையப்பன் கொடுத்த பொறுப்பில் குறை வைக்கக் கூடாது என்று இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டார். பூதப்பாண்டி மூச்சை அடக்கினார். பன்றி வந்து, இவர்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மிச்சமிருந்த நல்ல பாத்தியில் வாயை வைத்தது. உலகம்மை கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டு நின்றாள்.

“விரலைக் கொண்டு வாரும்வே” என்றார் தலைவர்.

“கடைசியிலதான் கொண்டு வரணும்” என்றார் மந்திரமூர்த்தி.

“இதுதான் கடைசி.”

“இதுக்குப் பெறகு ஒண்ணும் இல்லன்னு நிச்சயமாத் தெரியுமா?”

இந்தப் பேச்சு வளர்ந்துகொண்டே போக, மூச்சை அடக்கியிருந்த பூதப்பாண்டி முதலில் சிவந்தார், பிறகு நீலமானார், பிறகு வெட்டிய வாழை மாதிரி தலைவர் மேல் சாய்ந்தார். அந்தப் பதற்றத்தில் மந்திரமூர்த்தி விசையை இழுத்தார். துப்பாக்கி ‘டிக்’ என்றது. தலைவர் சரிய, குழல் பாறையில் மோத, பானை ‘டமார்’ என்று நொறுங்கியது. அதே நேரம் பன்றிக்குப் பின்னாலிருந்து, வேலியைப் பிய்த்துக்கொண்டு, தாடியும் மீசையுமாக ஓர் உருவம் கையை வீசிக்கொண்டு ஓடிவந்தது.

“சுடாதீய! சுடாதீய! பின்னால கடல் இருக்கு!”

அது கொம்பையா. முன்னால் டமார், பின்னால் கடல் என்றால் எந்தப் பன்றி நிற்கும்? வாயில் இருந்த கடலையைத் துப்பிவிட்டு வடக்கே ஓடைக்குள் பாய்ந்து மலையைப் பார்த்து ஓடியது. பிறகு அந்தப் பக்கமே அது திரும்பவில்லை. உலகம்மை சந்தோஷத்தில் ஓடிப்போய் புருஷன் கையைப் பிடித்துக்கொண்டாள். மிச்சமிருந்த கடலை பிழைத்தது, விதையும் பிழைத்தது.

கதை இத்தோடு முடிந்திருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும். ஆனால் பூதப்பாண்டிக்கு மூச்சுத் தெளிந்ததும் சங்கத்துக்கு யோசனை வந்துவிட்டது.

“துப்பாக்கி வெடிச்சுதா?” என்றார் தலைவர்.

“வெடிச்சுது. பானை உடைஞ்சதைப் பாத்தோம்லா.”

“வெடிச்சா என்ன வரும்?”

“தோட்டா வரும்.”

“வெடிச்சதும் வந்தது யாரு?”

எல்லோரும் மெதுவாகத் திரும்பிக் கொம்பையாவைப் பார்த்தார்கள்.

“தோட்டா இங்கேயிருந்து அங்கேலா போகணும். இவன் அங்கேயிருந்து இங்க வந்தானே?” என்று ஆவுடையப்பன் ஒரு சந்தேகத்தைக் கிளப்பினார்.

“போயிட்டுத் திரும்பி வந்திருக்கான். நம்ம ஊர்த் தோட்டா, வேற எந்த ஊருக்குவே போவும்?”

கொம்பையாவும் கொஞ்சம் யோசித்தான். “அதான் அண்ணாச்சி, ஓடி வரும்போது உடம்பெல்லாம் சூடா இருந்துச்சு” என்றான்.

அதற்கு மேல் சாட்சி எதற்கு? கொம்பையாவுக்கு மறுபடி மாலை போட்டார்கள். வேலை முடிந்துவிட்டதால் ராயப்பன் சொன்னபடி துப்பாக்கி தனி, தோட்டா தனி என்று பூட்ட வேண்டியிருந்தது. தலைவர் வீட்டில் நெல் போட்டு வைக்கும் பெரிய மரப் பத்தாயம் காலியாகக் கிடந்தது. தலையணை, விசிறி, ஒரு சொம்புத் தண்ணீர் எல்லாம் வைத்து, மரியாதையாக அதில் அவனை இறக்கினார்கள்.

“உள்ள மூச்சு முட்டுமே அண்ணாச்சி?” என்றான் கொம்பையா.

“மூச்சு பூதப்பாண்டி பொறுப்பு. நீ அதுல தலையிடாதே” என்று சொல்லிப் பூட்டினார் தலைவர். நல்லவேளை, பழைய பத்தாயத்துப் பலகைகளில் விரல் அகலத்துக்கு இடைவெளி விழுந்திருந்தது.

சாத்தன்கரைச் சங்கத்தார் இதைக் கேள்விப்பட்டு, உங்களிடம் எத்தனை தோட்டா இருக்கிறது என்று ஆள் விட்டுக் கேட்டார்கள். “ஒண்ணுதான். ஆனா மூணு வேளை சோறு போட்டாகணும்” என்று இவர்கள் பெருமையாகப் பதில் சொல்லி அனுப்பினார்கள்.

கடலை பறிக்கும் நாள் வந்தது. உலகம்மை கோமதிநாயகம் வீட்டுக்கு வந்தாள்.

“அண்ணாச்சி, கடலை பறிக்கணும். அவியளை வீட்டுக்கு அனுப்பி வைங்க.”

கோமதிநாயகம் அவளை அன்போடு பார்த்தார். “துப்பாக்கியில தோட்டா இல்லாட்டாலும் எப்பவும் இருக்குன்னே நினைக்கணும்னு விதி இருக்கு தங்கச்சி. அது மாதிரி, கொம்பையா எப்பவும் வீட்டுலதான் இருக்கான்னு நீயும் நினைச்சுக்க.”

உலகம்மை யோசித்துப் பார்த்தாள். அவளுக்கும் அது சரியென்றே பட்டது. வீட்டுக்குப் போய் இரண்டு தட்டில் சோறு போட்டு, ஒன்றை எதிரே வைத்துவிட்டு, தன்னுடையதைச் சாப்பிட்டாள். எதிர்த் தட்டுச் சோறு அப்படியே இருந்தது.

“எப்பவும் இதே கதைதான். என் சமையலைக் குறை சொல்லாட்டா உங்களுக்குத் தூக்கம் வராதே” என்று கோபித்துக்கொண்டு, அந்தத் தட்டையும் எடுத்து அவளே சாப்பிட்டாள்.