நியானைக் காலி செய்த கதை

கீழ்ப்பொன்னூர் அறிவியல் கல்லூரியில் மூன்று பேர் நான்கு வருஷமாக நியான் வாயுவை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். அந்த நான்கு வருஷத்தில் அவர்கள் கைக்கு வராத ஒரே பொருள் நியான். சிலிண்டர் வரும், வரும் என்றார்கள். ஒரு திங்கட்கிழமை வந்தேவிட்டது.

மூவரில் மூத்தவர் பெரியநாயகம். எதையும் செய்து முடித்த பிறகுதான் யோசிப்பார். அடுத்தவன் ஜெபமணி. எதையும் நன்றாக யோசித்துவிட்டு, பெரியநாயகம் செய்வதையே செய்வான். மூன்றாமவள் மங்கையர்க்கரசி. அவளுக்கு வாதம் இருந்தால் சோறு வேண்டாம். பேருந்தில் நடத்துனர் "உள்ள போம்மா" என்றால், "ஏன் போகணும், எவ்வளவு உள்ள, நான் மட்டும் ஏன்?" என்று கேட்டு, இறங்கும் இடம் வரை படியிலேயே நின்று ஜெயித்துவிடுவாள்.

சிலிண்டர் வந்த அன்றைக்கென்று பார்த்து, பேராசிரியர் தாண்டவமூர்த்திக்கு வெளியூரில் கருத்தரங்கு. பெட்டியும் கையுமாக நின்று அவர் சொன்னார்: "புதன்கிழமை ஆய்வுக் குழு வருது. கண்ணாடிக் குழாய்ல நியானை நிரப்பி, மின்சாரம் பாய்ச்சி, செக்கச்செவேல்னு ஒளிர்றதைக் காட்டணும். காட்டலைன்னா இந்த அறையைப் பிடுங்கி விளையாட்டுத் துறைக்குக் கொடுத்துருவாங்க. முதல்ல, வந்திருக்கிறது நியான்தானான்னு உறுதி பண்ணுங்க. நியானுக்கு நிறம் கிடையாது, மணம் கிடையாது, எதோடயும் சேராது. சொன்னதைச் சொன்னபடி செய்யணும். சொந்த மூளையை உள்ள விடக் கூடாது."

"அந்தப் பயமே வேண்டாம் சார்" என்றார் பெரியநாயகம்.

மங்கை அறையை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். அறை போனால் ஆராய்ச்சி போச்சு. வீட்டில் அத்தனை பேரோடும் மல்லுக்கட்டி வாங்கிய ஆராய்ச்சி. "நாலு வருஷமா என்னத்தக் கிழிச்சே?" என்று கேட்க அவளுடைய பெரியப்பா ஒருவர் காத்துக்கொண்டே இருந்தார்.

பேராசிரியரின் தலை மறைந்ததும் பெரியநாயகம் சிலிண்டரைத் திறந்தார். 'ஸ்ஸ்' என்றது. மூவரும் குனிந்து பார்த்தார்கள்.

"ஏதாச்சும் தெரியுதா?"

"ஒண்ணும் தெரியலைண்ணே" என்றான் ஜெபமணி.

"வாசனை?"

"அதுவும் இல்லைண்ணே."

"அப்போ நியானேதான்!"

மங்கைக்குச் சுர்ரென்று ஏறியது. "அதெப்படிண்ணே? ஒண்ணும் தெரியலைங்கிறது ஒரு சாட்சியா? இதுக்குப் பேரு ஆராய்ச்சியா? மூலையில ஒரு காலி சிலிண்டர் கிடக்கு. அதையும் திறந்து ஒப்பிட்டுப் பாருங்க. அப்புறம் பேசுங்க."

நியாயம்தானே? திறந்தார்கள். நிறம் இல்லை, மணம் இல்லை.

"மங்கை," ஜெபமணி அந்தச் சிலிண்டரைத் தட்டிக் காட்டினான். "இதுலயும் நியான்! ரெண்டு வருஷமா இங்கேயே கிடந்திருக்கு. நாமதான் கவனிக்கலை."

மங்கை அவ்வளவு சுலபத்தில் நம்புகிறவள் அல்ல. ஒரு காலி வாளியைக் கொண்டுவரச் சொன்னாள். வாளிக்குள் நிறம் இல்லை, மணம் இல்லை. எதோடாவது சேர்கிறதா என்று பார்க்க ஒரு வெங்காயத்தை உள்ளே வைத்துக் கால்மணி நேரம் காத்திருந்து எடுத்தார்கள். வெங்காயம் வெங்காயமாகவே இருந்தது. வாளியும் நியான்!

சாயங்காலத்துக்குள் நாற்பத்தொரு பாத்திரங்களில் நியான் கண்டுபிடிக்கப்பட்டது. பெரியநாயகத்தின் டிபன் பாக்ஸ் மட்டும் எலுமிச்சைச் சாதம் மணத்ததால் தள்ளப்பட்டது. கழுவிக்கொண்டு வந்தார், சேர்த்துக்கொண்டார்கள்.

"காலையில இருந்து நான் சாப்பிடவே இல்லை. என் வயித்துலயும் நியான்தான்" என்றான் ஜெபமணி.

"அது கடமுடன்னு சத்தம் போடுது. நியான் சத்தம் போடும்னு சார் சொன்னாரா?" என்று மங்கை அதை நிராகரித்தாள்.

முதல் சிலிண்டரை மூடச் சொல்லிப் பேராசிரியர் எதுவும் சொல்லவில்லை. ஆகவே யாரும் மூடவில்லை.

புதன்கிழமை ஆய்வுக் குழுத் தலைவர் முனைவர் கனகாம்புஜம் வந்தார். மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "எங்க உங்க நியான்?" என்றார்.

"எது வேணும் மேடம்? நாப்பத்தொரு இடத்துல இருக்கு" என்று மங்கை பெருமையாக வாளியை நீட்டினாள்.

"இது காலி வாளிம்மா."

"காலின்னு எப்படிச் சொல்றீங்க? நிறம் தெரியுதா? மணம் வருதா? பின்ன?"

கனகாம்புஜம் முப்பது வருஷ அனுபவசாலி. ஆனாலும் ஒரு நிமிஷம் வாளிக்குள் எட்டிப் பார்க்கத்தான் செய்தார். பிறகு சுதாரித்துக்கொண்டு, "குழாயைக் காட்டுங்க. விளக்கை அணைங்க, இருட்டுல பார்க்கலாம்" என்றார்.

பெரியநாயகம் போய் மெயினையே இறக்கிவிட்டு வந்தார். கும்மிருட்டு. எல்லோரும் குழாய் இருந்த திசையைப் பயபக்தியோடு பார்த்தார்கள்.

"எரியலையே?" என்றது கனகாம்புஜத்தின் குரல்.

"கரண்ட் இல்லையே மேடம்" என்றது பெரியநாயகத்தின் குரல்.

மெயினைப் போட்ட பிறகும் குழாய் எரியவில்லை. அதில் ஊற்றியிருந்தது வாளி நியான். நிஜ நியானோ சிலிண்டரிலிருந்து இரண்டு நாளைக்கு முன்பே கிளம்பி ஊரைத் தாண்டியிருந்தது.

"போதும். நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள அறையைக் காலி பண்ணி விளையாட்டுத் துறைகிட்ட ஒப்படைச்சிடுங்க. உள்ள ஒண்ணுமே இருக்கக் கூடாது."

வியாழக்கிழமை மத்தியானத்துக்குள் மேசை, நாற்காலி, மின்விசிறி, ஆணியோடு காலண்டர் எல்லாம் வெளியேறின. வெற்று அறையின் நடுவில் மங்கை நின்றாள். கண் கலங்கியது. அழுகையை அடக்கி மூச்சை இழுத்தாள். மணம் இல்லை. சுற்றிப் பார்த்தாள். நிறம் இல்லை.

"அண்ணே!" என்று கத்தினாள். "அறை காலியாகலைண்ணே! முழுக்க நியான்!"

அந்த நேரம் பார்த்து உடற்கல்வி ஆசிரியர் கருணைராஜ் பூட்டோடு வந்தார். "காலியாயிருச்சாம்மா?"

"எங்க சார்? தட்டுமுட்டுச் சாமான்தான் போயிருக்கு. நியான் அப்படியே இருக்கு."

"எங்க இருக்கு?"

"எங்க இல்லைன்னு நீங்க சொல்லுங்க பார்ப்போம்."

கருணைராஜுக்கு விசிலில்தான் பேசத் தெரியும், வாதத்தில் அல்ல. "என்ன எழவோ, அதையும் எடுத்துரும்மா. துளி இருந்தாலும் நான் கையெழுத்துப் போட மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

விடுதிச் சமையலறையிலிருந்து அரிசிச் சாக்குகள் வந்தன. சாக்கின் வாயை விரித்து நியானைப் பிடிப்பது, இறுக்கிக் கட்டுவது, தோளில் சுமந்து மைதானத்துக்குக் கொண்டுபோய் அவிழ்த்து உதறுவது. நூறு நடை நடந்தார்கள். அறையில் நியான் குறைந்தபாடில்லை.

"வேகம் பத்தலை" என்றார் பெரியநாயகம், வியர்வையைத் துடைத்தபடி.

"வேகம் இல்லைண்ணே கோளாறு," என்று மங்கை இடுப்பில் கைவைத்தாள். "போகும்போது சாக்குல என்ன இருக்கு?"

"நியான்."

"உதறிட்டுத் திரும்பி வரும்போது?"

"ஒண்ணும் இல்லை."

"நிறம்?"

"இல்லை."

"மணம்?"

பெரியநாயகம் சாக்கைக் கீழே போட்டுவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டார். ஆமாம், கொண்டுபோனதை அப்படியே திருப்பிக் கொண்டுவந்திருக்கிறார்கள்! நூறு தடவை!

"திரும்பி வரும்போது சாக்குல நியான் புகுந்துக்க இடமே இருக்கக் கூடாது" என்றாள் மங்கை. "மண்ணை அடைச்சுக் கொண்டுவாங்க."

அதற்குப் பிறகு வேலை மளமளவென்று நடந்தது. நியான் வெளியே போனது, மண் உள்ளே வந்தது. நீளம் தாண்டும் குழியிலிருந்த மணல் முதல் மணி நேரத்திலேயே தீர்ந்தது. அப்புறம் கால்பந்து மைதானத்தில் கைவைத்தார்கள். நியானுக்கு ஒதுங்க இடமில்லாமல் அறையைக் கூரை வரைக்கும் அடைத்து முடிக்க ஒரு வாரம் ஆனது.

கருணைராஜ் வந்து கதவைத் திறந்தார். மண் சரிந்து அவர் இடுப்பு வரைக்கும் ஏறியது. திகைத்துப்போய் மைதானத்தைத் திரும்பிப் பார்த்தார். மைதானம் இல்லை. அங்கே ஒரு பெரும் பள்ளம் இருந்தது.

"துளி நியான் இருக்கா, காட்டுங்க பார்ப்போம்" என்று மங்கை பேனாவை நீட்டினாள். அவர் காட்ட முடியாமல் கையெழுத்துப் போட்டார்.

மங்கை பள்ளத்தின் கரையில் போய் நின்றாள். எட்டிப் பார்த்தாள், முகர்ந்து பார்த்தாள். முகம் மலர்ந்தது. பழைய அறைக்குத் துளியும் குறையாது! இதைப் பிடுங்க எந்தக் குழு வருகிறது என்று பார்த்துவிடலாம்! அன்றே மேசை நாற்காலிகள் பள்ளத்துக்குள் இறங்கின.

கருத்தரங்கு முடிந்து, ரயிலைத் தவறவிட்டு, ஒருவழியாகத் திரும்பிய பேராசிரியர் தாண்டவமூர்த்தி ஏணி வைத்துக் கீழே இறங்கினார்.

"சார், முழுக்க முழுக்க நியான்" என்றாள் மங்கை.

பேராசிரியர் மூச்சை இழுத்துப் பார்த்தார். சுற்றும் முற்றும் பார்த்தார். திடீரென்று முகம் சிவந்தது. "அறிவிருக்கா உங்களுக்கு? இவ்வளவு நியானை வச்சுக்கிட்டுக் கதவைத் திறந்து போட்டிருக்கீங்களே? முதல்ல போய்க் கதவைச் சாத்துங்க!"

சொன்னதைச் சொன்னபடி செய்கிறவர்கள் ஆயிற்றே, மூவரும் கதவைத் தேடினார்கள். மேலே இல்லை, பக்கத்தில் இல்லை, ஆகவே மண்ணுக்குள்தான் இருக்க வேண்டும் என்று மங்கை வாதாடி ஜெயித்தாள். கடப்பாரையை எடுத்துக்கொண்டு வடக்குப் பக்கமாகத் தோண்டினார்கள்.

மூன்றாம் நாள் கணிதத் துறையில் வகுப்பு நடந்துகொண்டிருந்தபோது தரைக்கல் ஒன்று மெல்ல எழும்பியது. அடியிலிருந்து, தலையெல்லாம் மண்ணாக, மங்கையர்க்கரசி எட்டிப் பார்த்தாள்.

"தப்பா நினைக்காதீங்க சார். அந்தக் கதவைக் கொஞ்சம் சாத்திடுறீங்களா?"

கணிதப் பேராசிரியர் கையில் சாக்பீஸோடு போய்ச் சாத்திவிட்டு வந்தார்.

"ரொம்ப நன்றி சார்" என்று சொல்லிவிட்டு மங்கை கல்லை இழுத்து மூடிக்கொண்டாள். தரைக்கடியிலிருந்து, பள்ளத்தை நோக்கி அவள் கத்தியது மட்டும் கேட்டது:

"சாத்தியாச்சு சார்! இனி ஒரு துளி வெளிய போகாது!"